கடல்யாளியை எதிரியாக வரையலாமா?

சேதுக்கரை:
மேசை விளையாட்டுக்காக 32 மி.மீ. அளவில் (மனித உருவம் ஏறக்குறைய அவ்வளவு உயரம்) அசுர மினியேச்சர், அதாவது சிறு பொம்மை, தொகுதி ஒன்று செய்கிறோம். கதை நடப்பது நம் ராமநாதபுரம் கடற்கரையில். கடலிலிருந்து எழும் பெரிய எதிரியாக ஒரு கடல்யாளியை வரைந்திருக்கிறேன். சிங்க உடல், துதிக்கை, பின்பாதி மீன்வால். உத்தரகோசமங்கைக் கோயில் யாளியின் வாய்க்குள் உருளுமே கல் பந்து, அதையும் வைத்திருக்கிறேன். எல்லாரும் டிராகனையே வரைந்துகொண்டிருக்கிறார்கள். நம்மிடம் இப்படி ஒரு உருவம் இருக்கும்போது ஏன் விட வேண்டும்? கருத்துச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தாள்:
தம்பி, படம் அருமை. ஆனால் யாளியை எதிரியாக்குவது எனக்கு ஒப்பவில்லை. அது கோயிலில் காவலுக்கு நிற்கிற உருவம். உங்கள் விளையாட்டில் பகடையை உருட்டி அதைக் கொல்ல வேண்டும். அதைவிட, கடலுக்குள் பாருங்கள். பாம்புபோல நீண்ட அஞ்சாளை மீனுக்குத் தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது. வாய்த்தாடை கவ்வியதும் உள்தாடை முன்னால் வந்து இரையை இழுத்துக்கொள்ளும். அது வேலை செய்யும் விதத்தை 2007-ல்தான் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கல்மீனுக்கு முதுகில் விஷமுள் வரிசை. மன்னார் வளைகுடாவை வைத்துக்கொண்டு அசுரனுக்குக் கோயில் தூணைத் தேடிப் போவானேன்?

சேதுக்கரை:
அக்கா, சிற்பிகளே யாளியைச் சண்டைக்காரனாகத்தானே செதுக்கினார்கள்? காலடியில் யானையை மிதித்து நிற்கிற யாளி எத்தனை தூண்களில் இருக்கிறது! சிங்க முகம், யானை முகம், குதிரை முகம் என்று விருப்பம்போலக் கலந்தார்கள். நான் மீன்வாலைச் சேர்த்தது அதன் தொடர்ச்சிதான். அஞ்சாளையைப் பெரிதாக்கினால் பெரிய அஞ்சாளைதான் வரும். அசுரன் வர மாட்டான்.

ரெசின் கை:
இரண்டு பேரும் செதுக்குகிறவனை மறந்துவிட்டீர்கள். நான் ரெசின் பிரிண்டரில் (திரவப் பிசினை அடுக்கடுக்காக இறுக்கி உருவம் செய்யும் இயந்திரம்) அச்செடுப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். படத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். யாளியின் துதிக்கை மார்போடு ஒட்டிக் கிடக்கிறது, அந்தக் கறுப்பு நிழலுருவில் காணாமல் போகும். பக்கவாட்டில் வெளியே வளைத்து வையுங்கள். பிடரியில் நூல் நூலாக முடி வரைந்திருக்கிறீர்கள். பெயின்ட் ஒரு பூச்சு அடித்தாலே அது அடைபட்டுவிடும். தடித்த சுருளாக நாலைந்து போதும். கோயில் யாளிக்குப் பிடரி சுருள் சுருளாகத்தானே இருக்கிறது?

அப்புறம் அந்தப் பந்து. பிளாஸ்டிக்கை இரும்பு அச்சில் ஊற்றிச் செய்வதானால் முடியாது, உள்வளைவு அச்சை விட்டு வெளியே வராது. தனித்துண்டாகச் செய்து ஒட்ட வேண்டும். ரெசினில் அடுக்கடுக்காக வளர்வதால் வாய்க்குள்ளேயே அச்செடுக்கலாம். ஆனால் பந்துக்கும் பல்லுக்கும் இடையே தாராளமாக இடம் விடாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அச்செடுக்கும்போது தாங்கலாக உள்ளே கொடுக்கும் முட்டுகளை வெட்டி எடுக்கவும் வழி வேண்டும். வாயை இன்னும் அகலமாகத் திறங்கள்.

இன்னொன்று. 1974-ல் தொடங்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் ஆந்தைக்கரடி என்ற அசுரன் உண்டு. அது மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்துப் பிறந்தது. உருவம் முதலில் கையில் இருந்தது, கதை பிறகு வந்தது. அதனால் யாளியா அஞ்சாளையா என்பதைவிட, கையில் எடுத்தால் எது நிற்கும் என்று பாருங்கள்.

தங்கச்சிமடத்தாள்:
கையில் நிற்பது முக்கியம்தான். ஆனால் எதை நிறுத்துகிறோம் என்பது அதற்கு முந்தியது இல்லையா? நான் சொல்வது மீனை ஊதிப் பெரிதாக்குவது இல்லை. மனிதன் போல நிமிர்ந்த ஒரு உடல், வாய் மூடியிருக்கிறது. மார்புக்கூடு பிளந்து உள்தாடை வெளியே வருகிறது. முதுகில் கல்மீனின் முள். அதைப் பார்த்து யாராவது மீன் என்பார்களா?

தொண்டி வலைக்காரர்:
வேளா மீனையும் சேர்க்கலாமே. அதன் ரம்பக் கொம்பு ஆயுதம் மாதிரியே இருக்கும். அந்தக் கொம்பைக் கோயிலுக்கு நேர்ந்து கொடுக்கிற வழக்கமும் நம் கரையில் இருந்தது.

ரெசின் கை:
அண்ணே, கொம்பின் பற்களை உள்ளபடி வரைந்தால் துடைக்கும்போதே ஒடிந்துவிடும். பாதிப் பற்களை எடுத்துவிட்டு மீதியைத் தடிப்பாக்க வேண்டும்.

சேதுக்கரை:
அக்காவிடம் ஒன்று கேட்கிறேன். வேளா மீன் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது, வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். யாளியைக் கொல்லக் கூடாது, வேளாவைக் கொல்லலாமா? விளையாடுகிற பிள்ளைகள் மனதில் அது அரக்கனாக நின்றுவிடாதா?

தங்கச்சிமடத்தாள்:
நியாயமான கேள்வி. அதனால்தான் வேளா வேண்டாம், கடற்பசுவும் வேண்டாம் என்பேன். பார்த்தால் இன்ன மீன் என்று அடையாளம் தெரியும் எதையும் எதிரியாக்காதீர்கள். தாடையின் இயக்கம், முள்ளின் அடுக்கு, தோலின் சொரசொரப்பு, இதை மட்டும் எடுங்கள். யாளிக்கு அது முடியாது. பாதி யாளி என்று ஒன்று கிடையாது. துதிக்கையும் பிடரியும் தெரிந்த அடுத்த நொடி எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கோயில் தூண்தான் ஞாபகம் வரும்.

சேதுக்கரை:
ஞாபகம் வரட்டும் என்றுதானே வரைகிறேன்! தெரிந்த உருவம் மேசைமேல் எதிரே நிற்கும்போது வருகிற பயம் வேறு. அதை விட மனமில்லை. வேண்டுமானால் அதைக் கொல்லும் விதியை எடுத்துவிடுகிறேன். வாயிலிருக்கும் பந்தை எடுத்தால் ஆட்டம் முடியும், யாளி கடலுக்குத் திரும்பும்.

தங்கச்சிமடத்தாள்:
அது பரவாயில்லை. ஆனாலும் தொகுதியின் அட்டையில் அது எதிரியாக நின்றால் என் ஆட்சேபம் அப்படியேதான் இருக்கும்.

ரெசின் கை:
பந்தை எடுக்கிற விதி என்றால் அது தனித்துண்டாக வர வேண்டும், வாய்க்குள் அச்செடுக்கும் பேச்சு முடிந்தது. விரலால் எடுக்கும் அளவுக்குப் பெரிதாகவும் வேண்டும். தம்பி, முன், பின், பக்கவாட்டு மூன்றையும் ஒரே அளவுகோலில் வரைந்து போடுங்கள். பக்கத்தில் ஒரு மனித உருவத்தையும் நிறுத்துங்கள். அக்கா, உங்கள் மார்புத் தாடைக்கும் அப்படியே. இரண்டையும் அச்செடுத்துப் பார்க்கிறேன்.