புதுப்பிப்பு: கிளிநொச்சி குழு ஓவியக் கண்காட்சி

மாரியில கடதாசி ஓவியங்களை எப்பிடிப் பிறேம் போடுறது எண்டு முந்திக் கேட்டிருந்தன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. நேற்றுத் திறந்தாச்சு.

நீர்வண்ணப் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில, நடுவில சன்னல் மாதிரி வெட்டின தடிச்ச மட்டை வைச்சம். ஈரத்துக்குக் கடதாசி நெளிஞ்சாலும் வண்ணம் கண்ணாடியில ஒட்டாது. படத்தின்ர நடுப்பகுதி நிலத்திலயிருந்து 57 அங்குல உயரத்தில வரவேணும் எண்ட வழமையான கணக்கு பெரியாக்களுக்குச் சரி. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்காகச் சிலதை இறக்கி மாட்டினம்.

கூடச் சனம் நிண்டது கரியால வரைஞ்ச இரணைமடுக் குளத்துக்கு முன்னால. குளத்தில மிஞ்சின தண்ணியைத் திறந்து விடுற வான்கதவுக்கு மேல வெறும் வெள்ளைக் கடதாசி, கீழ விரலால தேய்ச்ச கறுப்புத் தண்ணி. முத்தையன்கட்டிலயிருந்து வந்த ஒரு அம்மா, "இது மாரித் தண்ணி, மோனை" எண்டா. எனக்கும் அதுதான் திறமான படம். ஞாயிறு வரைக்கும் இருக்கு, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.