மறு: கிளட்ச் ‘பிளீடிங்’ – காற்றெடுப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் சைக்கிள் கையேட்டுக்கான நம் சொற்பட்டியலில், திரவத்தால் இயங்கும் கிளட்ச்சில் புகுந்த காற்றை வெளியேற்றும் ‘பிளீடிங்’ (bleeding) வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> ‘குருதி வடித்தல்’ என்றே இருக்கட்டும். மூலச்சொல்லின் உருவகம் கெடக் கூடாது.

உருவகம் கெடாது, படிப்பவர்தான் கெடுவார். மோட்டார் சைக்கிள் கையேட்டில் குருதியைக் கண்டால் முதலுதவிப் பக்கம் என்று நினைத்துப் புரட்டிவிடுவார். வெறும் ‘வடித்தல்’ போதும் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. வடிவது திரவம், நாம் துரத்துவதோ காற்றை.

லிவரை அழுத்தினால் மேலே உள்ள உருளையின் பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே எஞ்சின் பக்கத்து உருளைக்குப் போய்க் கிளட்ச் தட்டுகளைப் பிரிக்கிறது. திரவம் சுருங்காது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு இது. நடுவே காற்றுக் குமிழி புகுந்தால், கை கொடுத்த அழுத்தத்தில் ஒரு பங்கை அது சுருங்கியே விழுங்கிவிடும். லிவர் பஞ்சுபோல் அமுங்கும். நியூட்ரல் விழ மறுக்கும். முழுக்கப் பிடித்திருந்தாலும் கியரில் வண்டி மெல்ல முன்னே நகரும்.

சென்ற வாரம் என் வண்டிக்கு நானே செய்தேன். எஞ்சின் பக்கத்து உருளையில் திரவத்தை வெளியேற்றும் திருகான நிப்பிளில் ஒளிபுகும் குழாயை மாட்டி, லிவரை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். முதலில் பழுப்பேறிய திரவம், பிறகு குண்டூசித் தலையளவுக் குமிழிகள் வரிசையாக. நிப்பிளை இறுக்கிய பிறகே லிவரை விட வேண்டும். ஒரு முறை அவசரப்பட்டு முன்னதாக விட்டேன். குழாயில் நின்ற குமிழிகள் அத்தனையும் வந்த வழியே உள்ளே போயின. மறுபடி முதலிலிருந்து. அப்போது என் வாயில் வந்த சொல் ‘காற்று’தான், குருதி இல்லை.

பட்டறைகளில் ‘ஏர் எடுப்பது’ என்கிறார்கள். பாதிச் சொல்லை அவர்களே தமிழில் ஆக்கி வைத்திருக்கும்போது நாம் ஏன் அகராதியைக் குடைய வேண்டும்?

> காற்றெடுப்பு என்றால் எஞ்சின் காற்றை உள்ளே எடுப்பதாகிவிடாதா?

நியாயமான ஐயம். ஆனால் முள்ளெடுப்பதும் களையெடுப்பதும் வெளியே எடுப்பதுதானே? இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதை எடுக்கிறோம். எஞ்சினுக்கு ‘உள்ளிழுப்பு’ இருக்கிறது. அதை அங்கேயே விடுவோம்.

இன்னொரு ஆதாயம். ஒரே நிப்பிள் வழியாக நடப்பதால் பழைய திரவத்தை மாற்றுவதையும் ‘பிளீடிங்’ கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். கிளட்ச்சிலும் பிரேக்கிலும் ஊற்றும் திரவ வகையான டாட் 4 ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய நிலைக்கான தர அளவில் 155 டிகிரிதான். எனவே, காற்று இல்லாவிட்டாலும், பொதுவாக 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். அது ‘திரவ மாற்று’. இரண்டு வேலைக்கு இரண்டு சொல்.

சொல் கையேட்டில் நடக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன்:

“காற்றெடுப்புக்கு முன் திரவக் கலன் மூடியில் குறித்துள்ள திரவ வகையைப் பார்க்கவும். டாட் 4 கேட்கும் கிளட்ச்சில் மினரல் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெடும். மாற்றி ஊற்றினாலும் அப்படியே. காற்றெடுப்பு முடியும்வரை கலனில் திரவம் வற்றக் கூடாது.”

இடறவில்லை என்றே நினைக்கிறேன். கீழிருந்து ஊசிக்குழலால் திரவத்தை ஏற்றும் முறைக்குத் ‘தலைகீழ்க் காற்றெடுப்பு’ என்று எழுதினேன். சற்று வேடிக்கையாக இருக்கிறது, விட்டுவைத்திருக்கிறேன்.

பட்டியலில் ஒரு பிழை: ‘கலன் மட்டம் இறங்குவது தேய்மானத்தின் அறிகுறி’ என்ற வரி பிரேக்குக்கே பொருந்தும். கிளட்ச்சில் தட்டுகள் தேயத் தேய மட்டம் ஏறும். இறங்கினால் கசிவைத் தேடுங்கள்.

லிவர் பக்கத்து ‘எசமான் உருளை’ (master cylinder), எஞ்சின் பக்கத்து ‘அடிமை உருளை’ (slave cylinder) இரண்டையும் அடித்துவிட்டு மேலுருளை, கீழுருளை என்று எழுதியிருக்கிறேன். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வரவும்.