எழுதாமல் படித்துப் போகும் மாணவருக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் மூடில் (Moodle) என்னும் இணையவழிக் கற்றல் தளத்தின் கலந்துரையாடல் களங்களைப் பயன்படுத்துவது பற்றி, முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு தயாராகி வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இழை, இடுகை, மறுமொழி, மட்டுறுத்துநர் ஆகியவை பழகிய சொற்களாதலால் அவற்றில் இடர்ப்பாடு இல்லை. ஒரு சொல்லில்தான் நின்றுவிட்டேன். ஒரு களத்தை யார் பார்த்தார்கள், யார் எழுதினார்கள் என்பதை மூடிலின் பங்கேற்பு அறிக்கை தனித்தனியே காட்டும். என் வகுப்பில் 60 பேர். எழுதுவோர் பத்துப் பேர். எட்டியும் பாராதோர் ஏழெட்டுப் பேர். எஞ்சியோர் ஒவ்வோர் இழையையும் படிக்கிறார்கள், ஆனால் ஒரு வரியும் எழுதுவதில்லை. இவர்களை ஆங்கிலத்தில் லர்க்கர் என்பர். முதல் வரைவில் 'பதுங்குநர்' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த மாணவி, "நாங்கள் என்ன திருடர்களா, அம்மா?" என்று கேட்டுவிட்டாள். மாற்றுச் சொல் வேண்டும்.

— கோவை, கணினி அறிவியல் துறை

அன்புள்ள அம்மா,

சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. செவிவழிக் கற்றலுக்கு வள்ளுவர் 42ஆம் அதிகாரத்தையே ஒதுக்கி, அதற்குக் 'கேள்வி' என்று பெயரிட்டார். வாய்திறவாது கேட்டுக் கற்பவரைக் 'கேள்வியர்' என்றால் இழிவும் இல்லை, பொருளும் பொருந்தும். அதே வேளையில் அவர்களை அப்படியே விட்டுவிடவும் கூடாது. நன்னூல் என்னும் இலக்கண நூலில் பவணந்தியார் போட்ட கணக்கு நினைவிருக்கும்: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் கைவரும், உடன்பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் வரும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். இணையவழிக் கலந்துரையாடலைக் கல்லூரிகள் ஏன் நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடச் செறிவான காரணத்தை நான் எங்கும் படித்ததில்லை. களத்தையும், அவை என்னும் பொருள்பட, 'கோட்டி' என்றே வழங்கலாம். "நூலின்றிக் கோட்டி கொளல்" என்று குறள் இருக்கிறது.

— மதுரை, பணி நிறைவுற்ற தமிழாசிரியன்

ஐயா, பொறுத்தருள வேண்டும்.

கல்லூரித் தளத்தில் 'கோட்டி' என்ற பொத்தானை வைத்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். பொருநைக் கரையில் அதற்குப் பைத்தியம் என்று பொருள். கேள்வியருக்கும் அதே கதிதான். இன்றைய மாணவனுக்குக் கேள்வி என்றால் வினா. அட்டவணையில் அச்சொல்லைக் கண்டால் கேள்வி கேட்பவர் என்றே படிப்பான். நாம் சுட்ட வந்ததோ கேள்வியே கேட்காதவனை. இலக்கியத்தில் சரியாக இருக்கும் சொல் அறிக்கையில் தலைகீழாகிவிடுகிறது. 1991இல் லேவ், வெங்கர் என்னும் இருவர் எழுதியதை நினைவூட்டுகிறேன்: தொழில் பயில வரும் புதியவர் முதலில் ஓரத்தில் நின்று பார்த்துப் பழகுவதும் முறையான பங்கேற்பே என்பது அவர்கள் கருத்து. ஆகவே 'கரையோர்' என்பதை முன்வைக்கிறேன். இன்று கரையில் நிற்பவர் நாளை நீரில் இறங்குவார்.

— திருநெல்வேலி

வணக்கம்.

கரையோர் என்பதை எங்கள் ஊரில் எவரும் ஏற்கமாட்டார்கள். கரையார் என்பது இங்கே ஒரு சமூகத்தின் பெயர். மாணவர் பட்டியலின் தலைப்பில் அதை ஒத்த சொல் வந்தால் விபரீதமாகும். மக்கள் தாமாகவே ஆக்கிக்கொண்ட 'மௌன வாசகர்' இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? இதழ்களுக்குக் கடிதம் எழுதுவோர் "இதுவரை மௌன வாசகனாக இருந்தேன்" என்றுதானே தொடங்குகிறார்கள். 2006இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் சொன்ன விகிதத்தையும் மறக்க வேண்டாம்: இணையக் குழுக்களில் 90 விழுக்காட்டினர் படிப்பதோடு நிற்பர், 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுவர், ஒரு விழுக்காட்டினரே ஓயாது எழுதுவர். கோவை அம்மாவின் வகுப்பு அவ்வளவு மோசமில்லை.

— யாழ்ப்பாணம்

மௌனமும் வடசொல், வாசகரும் வடசொல். இரண்டு கடன்களைச் சேர்த்தால் ஒரு சொத்து ஆகிவிடுமா? பேசாதிருப்பதற்கு 'வாளா இருத்தல்' என்ற தூய வழக்கு இருக்க, 'வாளாநர்' என்று சொல்வதில் என்ன தடை? வாயை ஆளாதவர், அதாவது வாய் + ஆளா = வாளா என்று அதன் வேரும் தெளிவாகவே தெரிகிறது. அவ்வாறே, ஆள்பவர் வாயாளர், ஆளாதவர் வாளாநர் என எழுதுவோரையும் எழுதாதோரையும் ஓரிணையாக அமைக்கலாம்.

— சேலம்

சேலத்து நண்பருக்கு: வாயின் யகரம் எந்த விதியால் கெட்டது? வாயாடியை வாளாடி என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. வாளாநர் என்றதும் வாளேந்திய ஒருவர்தாம் என் கண்முன் வருகிறார்.

— மதுரை

அனைவருக்கும் நன்றி.

சொல் தேடும் சாக்கில், எழுதாத மாணவர்களிடம் காரணத்தையே கேட்டேன். பிழையாக எழுதினால் அது திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) வாட்சப் குழுவுக்குப் போய்விடும் என்ற அச்சம் சிலருக்கு. தாம் நினைத்ததை வேறொருவர் முந்திச் சொல்லிவிட்டார் என்பது பலருடைய விடை. ஒருத்தி மட்டும், "'இரண்டாம் அலகு பற்றிக் கருத்துக் கூறுக' என்றால் நன்று என்பதைத் தவிர என்ன எழுதுவது?" என்றாள். அந்த வினாவை எழுதியது நான். அகமதிப்பீட்டில் 5 மதிப்பெண் தருவதாக அறிவித்தபோதும், கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு "நானும் உடன்படுகிறேன்" என்ற வரிகள்தாம் குவிந்தன.

மூடிலில் வினா-விடைக் களம் என்று ஒரு வகை உண்டு. தன் விடையை இட்ட பிறகே பிறர் விடைகள் ஒருவருக்குத் தெரியும். சென்ற வாரம் அதைத் திறந்து, 'லிங்க்டு லிஸ்ட்டில் பைனரி சர்ச் ஏன் பயனற்றுப் போகிறது?' என்று கேட்டேன். (முன்னது, ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததை மட்டும் சுட்டும் பட்டியல்; பின்னது, நடு உறுப்பைப் பார்த்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டே தேடும் முறை.) நடு உறுப்புக்குத் தாவ வழியில்லை, தலையிலிருந்து ஒவ்வொன்றாக நடந்துதான் போக வேண்டும் என்று எழுதியவர்களுள், இதுவரை ஒரு வரியும் எழுதாத ஒன்பது பேர் இருந்தார்கள். இந்த வாரம் அவர்களில் பாதிப்பேர் மீண்டும் எழுதவில்லை.

ஆகவே இந்தச் சொல்லை ஆளின்மேல் ஒட்டவே தயங்குகிறேன். பெரும்பான்மையோர் யாழ்ப்பாணத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதால் அதையே சற்றுத் திருத்தி, அறிக்கையில் 'மௌன வாசிப்பு' என்று செயலுக்குப் பெயரிட்டிருக்கிறேன். அச்சகத்துக்கு நாளை காலை கோப்பை அனுப்புகிறேன்.

— கோவை

வாசிப்பும் வடசொல்வழி வந்ததே. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

— சேலம்

மௌனமா, மவுனமா? கையேட்டில் இரண்டும் கலந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா. 'கேள்வியர்' என்பதை அடிக்குறிப்பிலாவது சேர்க்க இடம் இருக்குமா?

— மதுரை