மேரி ரீபியின் 1791 வழக்கு ஆவணம்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருக்கும் மேரி ரீபியின் கதையை மூல ஆவணங்களை வைத்தே எழுத ஆசை. ஆனால் ஆவணங்களே ஆளைக் குழப்புகின்றன.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். குதிரை திருடியதாகப் பிடிபட்டபோது ஆண் வேடம், சொன்ன பெயர் ஜேம்ஸ் பர்ரோ. 1791இல் ஸ்டாஃபோர்டில் 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை, மறு ஆண்டு ‘ராயல் அட்மிரல்’ கப்பலில் சிட்னி. அப்புறம் கல்யாணம், வியாபாரம், கப்பல்கள், பெரும் சொத்து. 1820இல் இங்கிலாந்து போய்த் திரும்பினார். 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ‘1821இல் சுதந்திரமாக வந்தவர்’ என்று பதியவைத்துவிட்டார்! கெட்டிக்காரிதான். அந்த வரியை மட்டும் பார்ப்பவருக்கு அவர் கைதியாக வந்தவர் என்பதே தெரியாது.

ஸ்டாஃபோர்ட் அப்போது ஆக்ஸ்ஃபோர்ட் வட்ட நீதிமன்றத்தின் (நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று வழக்கு விசாரிக்கும் நீதிமன்றம்) கீழ் இருந்தது. அந்த வட்டத்தின் குற்றப்பத்திரிகைகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கே தேடிப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பர்ரோ என்ற பெயரில் தேடுவதா, ஹேடாக் என்ற பிறந்த வீட்டுப் பெயரிலா? நேரில் போகாமல் நகல் வாங்க வழி உண்டா? அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.