கர்ப்பப்பைக் கட்டி: கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா?

கண்டனூர் மருமகள்:
எனக்கு 37 வயது. வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். இரண்டு வருடமாக மாதவிலக்கு வந்தால் எட்டு, ஒன்பது நாள் நிற்பதில்லை, ரத்தம் கட்டி கட்டியாகப் போகிறது. போன மாதம் தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தபோதே கண் இருட்டி, அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஹீமோகுளோபின் 7.6. ஸ்கேனில் 6 சென்டிமீட்டருக்கு ஒரு ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசைக் கட்டி. முதலில் பார்த்த டாக்டர், "ஒரு பிள்ளைதான் இருக்கிறதே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்றார். மாமியாரும் அதையே சொல்கிறார். மதுரையில் பார்த்தவர் லேப்ராஸ்கோப்பியில், வயிற்றில் சின்னத் துளை போட்டு, கட்டியை மட்டும் எடுக்கலாம் என்கிறார். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தங்கச்சி, எனக்கும் முதலில் அதேதான் சொன்னார்கள். இரண்டாவது டாக்டரைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. ஆறு வருடம் ஆகிறது, கர்ப்பப்பை என்னிடம்தான் இருக்கிறது.

முதல் வேலை ஹீமோகுளோபின் அளவைக் கூட்டுவது. 7.6ஐ வைத்துக்கொண்டு அவசரப்பட வேண்டாம். எனக்கு இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றி, உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரை கொடுத்து, 10 தாண்டிய பிறகுதான் தேதி குறித்தார்கள். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் சாப்பிடு, ஆனால் இந்த அளவுக்கு இறங்கியதை அவை மட்டும் தூக்காது.

வயிற்றில் நான்கு சின்னத் துளை, தொப்புளில் ஒன்று. உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்பித்தான் செய்வார்கள். அதனால் மறுநாள் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் எனக்கு அதிகம் வலித்தது. நெஞ்சில் ஏதோ ஆகிவிட்டதென்று அழுதேன். இரண்டு நாளில் போய்விட்டது. அப்புறம் பாவாடை நாடா! அது தொப்புள் தையலில் சரியாக வந்து அறுக்கும். இரண்டு வாரம் நைட்டிதான். நம் வீட்டு உயரமான நிலைப்படியைத் தாண்டும்போது கதவைப் பிடித்துக்கொள். அச்சு பிழிவது, அண்டா தூக்குவது எல்லாம் ஆறு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம். வெளியே தையல் சின்னதுதான், ஆனால் கர்ப்பப்பைச் சுவரில் போட்ட தையல் ஆற வேண்டுமே.

காரைக்குடி நர்ஸ்:
ஆச்சி சொன்னது சரி. கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கர்ப்பப்பைக்கு உள்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தால், வயிற்றில் துளையே போடாமல் கீழ்வழியாக ஹிஸ்டரோஸ்கோப்பியில் எடுக்க முடியும். 6 சென்டிமீட்டர் அதற்குப் பெரிது; சுவருக்குள் இருந்தால் லேப்ராஸ்கோப்பிதான்.

கட்டியை அந்தச் சின்னத் துளை வழியாகத் துண்டாக்கித்தான் எடுக்க வேண்டும். அபூர்வமாக அதற்குள் புற்றுநோய் மறைந்திருந்தால் துண்டாக்கும்போது பரவும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரித்தது. அதனால், கட்டியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் துண்டாக்குவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். இந்த ஆபரேஷனை அவர் எத்தனை செய்திருக்கிறார், உள்தையலை எப்படிப் போடுவார் என்பதும் முக்கியம். ரத்தம் நிற்காவிட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம். ஒப்புதல் படிவத்தில் அது இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிள்ளைக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். சுவரில் ஆழமாக வெட்டியிருந்தால் பிரசவம் சிசேரியனாகத்தான் இருக்கும். புதிய கட்டி மறுபடி வளரவும் கூடும், அதையும் மாமியாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கண்டனூர் மருமகள்:
ஆச்சி, அக்கா, ரொம்ப நன்றி. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், சுவருக்குள் என்றுதான் போட்டிருக்கிறது. திங்கட்கிழமை மதுரைக்குப் போய் டிரிப்ஸ் ஆரம்பிக்கிறோம். மாமியாரையும் கூட்டிப் போகிறேன், டாக்டர் வாயால் அவரே கேட்கட்டும். ஐப்பசிக் கல்யாண ஆர்டரை நாத்தனாரிடம் ஒப்படைத்தாயிற்று.