வான்கூவர் ஊருக்கு நடுவில் ரிசர்வ் நிலம் எப்படி வந்தது? (பர்ரார்ட் பாலத்தடிக் கட்டடங்கள்)

பர்னபி_வாசி கேட்டது:

வணக்கம். வேலைக்குப் போக வர பர்ரார்ட் பாலத்தைத்தான் சைக்கிளில் கடக்கிறேன். பாலத்தின் தெற்கு முனையில், ரோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் பெரிய பெரிய அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. செனாக் என்று பெயர். பக்கத்தில் கிட்சிலானோ பூராவும் மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள்தான். இங்கே மட்டும் எப்படி இவ்வளவு உயரம் என்று விசாரித்தால், "அது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் நிலம், மாநகராட்சி விதி அங்கே செல்லாது" என்கிறார்கள். கூட வேலை பார்க்கிறவர் ஒருவர், "கவர்ன்மென்ட் அவங்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்த இடம், வரியும் கிடையாது" என்று அடித்துச் சொல்கிறார்.

ரிசர்வ் என்றால் ஊருக்கு வெளியே தொலைவில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். டவுன்டவுனுக்கு எதிர்க்கரையில் எப்படி வந்தது? மேப்பில் பார்த்தால் அந்த இடம் சதுரமாகவும் இல்லை, நீளமாக வளைந்து ஒரு நாடா போலக் கிடக்கிறது. அது ஏன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திர_மேசை பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது நாடா போலக் கிடப்பதற்குக் காரணம், அது ரயில் தண்டவாளம் போன தடம். பறிபோன நிலத்தில் ரயில் கம்பெனி எடுத்த துண்டு மட்டும்தான் திரும்பி வந்திருக்கிறது. அதனால்தான் அந்த வடிவம்.

நான் வான்கூவரில் சொத்துப் பரிமாற்றப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். நிலத்தின் பழைய தாள்களைப் புரட்டுவதுதான் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருடக் கணக்கைப் பாருங்கள். ஃபால்ஸ் கிரீக் முகத்துவாரத்தில் இருந்த செனாக் கிராமத்தை பிரிட்டிஷ் காலனி அரசு ரிசர்வாக ஒதுக்கியது 1869-ல். 1877-ல் அதைச் சுமார் 80 ஏக்கராக விரித்தார்கள். வான்கூவர் என்ற நகராட்சி உருவானது 1886-ல். அதாவது ரிசர்வ் நகரத்தைவிட 17 வருடம் மூத்தது. கிராமம் அதற்கும் எவ்வளவோ முந்தையது. ஸ்குவாமிஷ் என்ற பூர்வகுடிகளின் மீன்பிடிக் கரை அது. நீங்கள் சொல்லும் கிட்சிலானோ என்ற பேட்டையின் பெயரே அந்த மக்களின் தலைவர் ஒருவருடைய பெயரிலிருந்து எடுத்ததுதான். ஆகவே ஊருக்கு நடுவில் ரிசர்வ் வந்து உட்காரவில்லை. ரிசர்வைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

வளர்ந்த ஊருக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. 1886-ல் ஒரு தடவை, 1902-ல் இன்னொரு தடவை, கனடியன் பசிபிக் ரயில்வேக்காக ரிசர்வுக்குள் துண்டு துண்டாக நிலம் எடுத்தார்கள். பிறகு வந்ததுதான் பெரிய அடி. 1913 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு அங்கே இருந்த குடும்பங்களிடம் ஆள் அனுப்பி, குடும்பத் தலைவருக்கு 11,250 டாலர் என்று பேசி, நிலத்தை விட்டுவிடச் சொன்னது. சுமார் 20 குடும்பங்கள். சாமான்களோடு ஒரு தட்டைப் படகில் ஏற்றி நீர்வழியே இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள், திரும்பி வரக்கூடாது என்று.

இதில் சட்டப்படி ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கனடாவில் பூர்வகுடிகளும் அவர்களுடைய ரிசர்வ் நிலங்களும் 1867-ம் வருட அரசியலமைப்புச் சட்டப்படி மத்திய அரசின் பொறுப்பு. மாகாணம் நேரடியாகப் போய் விலை பேச முடியாது. அந்தச் சமூகம் முறைப்படி கூடி, மத்திய அரசிடம் நிலத்தை ஒப்படைத்தால்தான் அது வேறு கைக்குப் போகும். 1913-ல் அப்படி எதுவும் நடக்கவில்லை. என் மேசைக்கு இப்படி ஒரு ஃபைல் வந்தால், விற்றவருக்கு விற்க அதிகாரம் இல்லை, வாங்கியவருக்கு வாங்க அதிகாரம் இல்லை என்று முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் குடும்பங்கள் போனது போனதுதான். பிறகு அந்த 80 ஏக்கர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1932-ல் திறந்த பர்ரார்ட் பாலம் அதன் மேல்தான் போகிறது. இரண்டாம் உலகப்போரில் விமானப்படைக் கிடங்கு. இன்று நாம் பட்டம் விடப் போகிற வேனியர் பார்க், வான்கூவர் அருங்காட்சியகம், கோளரங்கம், எல்லாம் அந்த ரிசர்வ் மண்தான்.

"அப்போதே கேஸ் போட்டிருக்கலாமே" என்று உங்கள் அலுவலக நண்பர் கேட்பார். 1927 முதல் 1951 வரை, பூர்வகுடிகள் நிலக் கோரிக்கைக்காகப் பணம் திரட்டுவதும், அப்படிப் பணம் வாங்கி வக்கீல் வேலை பார்ப்பதும் கனடாவில் குற்றம். பூர்வகுடிகளுக்கென்று கனடா போட்ட 'இந்தியன் ஆக்ட்' சட்டத்தின் 141-வது பிரிவு. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். எடுத்துக்கொண்டது மட்டுமல்ல, கேட்பதற்கே வாயைக் கட்டினார்கள்.

ஸ்குவாமிஷ் மக்கள் 1970-களில் வழக்குத் தொடர்ந்தார்கள். மத்திய அரசோடு 2000-ல் 92.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அது பணம், நிலம் இல்லை. நிலம் வந்தது ரயில் தடத்தால். ரயில்வே அந்த வழியை 1980-களில் கைவிட்டுவிட்டு, இடத்தை விற்கப் பார்த்தது. ரயில் ஓட்டத்தான் எடுத்தாய், ரயில் இல்லையென்றால் நிலம் யாருக்கு உரியதோ அவர்களுக்கு என்று மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-ல் சொன்னது. 80 ஏக்கரில் 10.48 ஏக்கர் திரும்பியது. நீங்கள் பார்க்கும் நாடா அதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் பகுதி தங்களுக்கும் உரியது என்று பக்கத்துப் பூர்வகுடிகளான மஸ்குவியம், ஸ்லேவாட்டூத் மக்களும் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். தீர்ப்பு ஸ்குவாமிஷ் பக்கம் போனது. அவர்களுக்குள் அந்த வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

பர்னபி_வாசி:

ரொம்ப நன்றி அக்கா (அண்ணனா தெரியவில்லை, தவறென்றால் சொல்லுங்கள்). அப்படியென்றால் வரி விஷயம்? தண்ணீர், சாக்கடை, தீயணைப்பு எல்லாம் மாநகராட்சிதானே செய்கிறது, அதை நாம்தானே கட்டுகிறோம் என்று அவர் மறுபடி கேட்பார்.

பத்திர_மேசை:

அக்காதான்.

சும்மா எதுவும் இல்லை தம்பி. ஸ்குவாமிஷ் நேஷனும் (அந்த மக்களின் ஆட்சி அமைப்பு) வான்கூவர் மாநகராட்சியும் 2022 மே மாதம் சேவை ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. தண்ணீர், கழிவுநீர், தீயணைப்பு, போலீஸ் எல்லாவற்றுக்கும் காசு கட்டித்தான் வாங்குகிறார்கள். மாநகராட்சியின் மண்டல விதி, மாடிக் கட்டுப்பாடு அங்கே செல்லாது என்பது மட்டும் உண்மை. 11 கோபுரங்கள், சுமார் 6,000 வீடுகள், பெரும்பாலும் வாடகைக்கு. 2019-ல் அவர்கள் தங்கள் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மை ஆதரவோடுதான் இறங்கினார்கள். 2022-ல் மத்திய வீட்டுவசதி நிறுவனம் 1.4 பில்லியன் டாலர் கொடுத்தது. அது மானியம் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

வரியைப் பற்றி: ரிசர்வில் இருக்கும் சொத்துக்கும், அங்கே கிடைக்கும் வருமானத்துக்கும் உள்ள விலக்கு, சட்டப்படி பதிவு பெற்ற பூர்வகுடியினருக்கு மட்டும். நீங்களோ நானோ அங்கே குடிபோனால் வருமான வரியில் ஒரு சல்லி குறையாது. சொத்து வரியைப் பொறுத்தவரை, 1988-ல் சட்டம் திருத்தப்பட்டு, ரிசர்வ் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர்களிடம் அந்தந்த நேஷனே வசூலிக்கும் அதிகாரம் வந்தது. அதற்கு முன் பல இடங்களில் மாகாணமும் முனிசிபாலிட்டிகளும் அந்த வரியை எடுத்துக்கொண்டிருந்தன. கம்லூப்ஸ் பூர்வகுடித் தலைவர் மேனி ஜூல்ஸ் முன்னின்று போராடிக் கொண்டுவந்த திருத்தம் அது.

வெஸ்ட் வான்கூவரில் பார்க் ராயல் மாலுக்குப் போயிருப்பீர்கள். அதன் தெற்குப் பகுதி ஸ்குவாமிஷ் ரிசர்வ் நிலத்தில்தான் நிற்கிறது. பல வருடமாக எல்லோரும் அங்கே சாமான் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. உயரமான வீடு கட்ட ஆரம்பித்ததும்தான் பேச்சு வருகிறது.

பிரெய்ரிக்_காற்று:

நான் சஸ்கட்டூனில் இருக்கிறேன். இங்கே கதை கொஞ்சம் வேறு, ஆனால் இந்தக் கேள்விக்குச் சம்பந்தம் உண்டு. வான்கூவரில் இருந்ததைப் பறித்தார்கள். இங்கே கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்கவில்லை.

1876-ல் அரசு இங்குள்ள பூர்வகுடிகளோடு போட்ட ஆறாம் ஒப்பந்தப்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்று ரிசர்வ் ஒதுக்க வேண்டும். அளந்து கொடுத்தபோது பல சமூகங்களுக்குக் குறைத்தே கொடுத்தார்கள். அந்தப் பாக்கியைக் கேட்டு, மஸ்கெக் லேக் கிரீ நேஷன் 1988-ல் சஸ்கட்டூனின் சதர்லாந்து பகுதியில் சுமார் 35 ஏக்கர் மத்திய அரசு நிலத்தை ரிசர்வாக வாங்கியது. கனடாவில் நகரத்துக்குள் வியாபாரத்துக்கென்றே உருவான முதல் ரிசர்வ் அது என்பார்கள். பேக்கம் அவென்யூ பக்கம் போனால் அலுவலகங்கள், பெட்ரோல் பங்க் என்று சாதாரண வணிக வளாகமாகத்தான் தெரியும். வேலி இல்லை, கேட் இல்லை. மாநகராட்சிக்குச் சொத்து வரிக்கு ஈடான தொகையைச் சேவைக் கட்டணமாகக் கட்டுகிறார்கள். ஆரம்பத்தில் எதிர்ப்பு இருந்தது. பிறகு இதே ஒப்பந்த மாதிரியை வைத்துத்தான் மாகாணம் முழுக்க நகர ரிசர்வுகள் வந்தன. 1992-ல் சுமார் 25 சமூகங்களுக்கு நிலப் பாக்கியைத் தீர்க்கப் பெரிய ஒப்பந்தமும் கையெழுத்தானது. அது நிலமாக வரவில்லை. பணமாக வந்தது. விற்க மனமுள்ளவரிடம் சந்தை விலை கொடுத்து அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும். சும்மா கிடைத்தது என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வினிபெக்கிலும் மூடிக் கிடந்த கப்யோங் ராணுவ முகாம் நிலத்தில் பெரும் பகுதி நீண்ட வழக்குக்குப் பிறகு 2022 டிசம்பரில் ரிசர்வ் ஆனது. நாவி ஊடெனா என்று பெயர். முகாம் 2004-லேயே காலியாகிவிட்டது, நினைவிருக்கட்டும்.

மில்வுட்ஸ்_நிலா:

வணக்கம். நான் எட்மன்டனில மில்வுட்ஸ் பக்கம் இருக்கிறன். எங்கட ஆக்கள் கனபேர் இங்க வீடு வாங்கி இருக்கினம். பலருக்கு இது தெரியாது, அதால எழுதுறன்.

இந்த இடத்தில ஒரு பெரும் பகுதி பாப்பஸ்சேஸ் எண்ட பூர்வகுடி மக்களின்ர ரிசர்வா இருந்தது. 1880-இல அளந்தவை, கிட்டத்தட்ட 40 சதுர மைல். எருமை மந்தை அழிஞ்சு பட்டினி கிடந்த காலம். எட்மன்டனில இருந்த பத்திரிகைக்காரர் ஃபிராங்க் ஒலிவர் இந்த நிலத்தை வெள்ளைக் குடியேற்றக்காரருக்குத் திறந்துவிட வேணும் எண்டு எழுதிக்கொண்டே இருந்தவர். 1888-இல வெறும் மூண்டு பேரின்ர கையெழுத்தோட முழு ரிசர்வும் போச்சு. அதே ஒலிவர் பிறகு மத்திய உள்துறை அமைச்சரானார். 1911-இல, 8,000 பேருக்கு மேல சனம் உள்ள பட்டணத்துக்குப் பக்கத்தில ரிசர்வ் இருந்தா, அந்தச் சனத்தின்ர சம்மதம் இல்லாமலே நீதிமன்ற உத்தரவோட எழுப்பி அனுப்பலாம் எண்டு சட்டத்தையே மாத்தினவை. நகரத்துக்கு நடுவில ரிசர்வ் ஏன் குறைவு எண்டு கேட்டா, இதுதான் பதில்.

பாப்பஸ்சேஸ் வழித்தோன்றல்கள் போட்ட வழக்கை, காலம் கடந்துபோச்சு எண்டு சொல்லி உச்ச நீதிமன்றம் 2008-இல தள்ளுபடி செய்திட்டுது. அவைக்கு ஒரு துண்டு நிலமும் திரும்பி வரேல்ல.

பத்திர_மேசை:

மில்வுட்ஸ்_நிலா சொன்னதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்: அதே 1911-ல் எங்கள் மாகாணத் தலைநகர் விக்டோரியாவில், துறைமுகத்து எதிரே இருந்த சாங்ஹீஸ் ரிசர்வையும் காலி செய்தார்கள். 43 குடும்பங்கள், குடும்பத் தலைவருக்கு 10,000 டாலர். இரண்டு வருடம் கழித்து செனாக்கில் அதே மாகாண அரசு அதே வேலையைச் செய்தது.

பர்னபி_வாசி:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. எங்களைப் போன்றவர்கள் ரிசர்வ் நிலத்தில் வீடு வாங்க முடியுமா? மஸ்குவியம் பக்கம் விலை குறைவாக ஒரு வீடு விளம்பரத்தில் பார்த்தேன்.

பத்திர_மேசை:

மண்ணை வாங்க முடியாது, குத்தகையைத்தான் வாங்கலாம். அந்த ஃபைல்கள் என் கையில் வந்திருக்கின்றன. வழக்கமான வீட்டுக்கு மாகாணப் பதிவகத்தில் ஒரு பக்கத்தில் பெயர் வந்துவிடும். இதில் தாய்க் குத்தகை ஒரு கட்டு, அதன் கீழ் உங்கள் குத்தகை ஒரு கட்டு, பதிவு ஒட்டாவாவில் உள்ள தனிப் பேரேட்டில். உரிமையாளர் இடத்தில் கனடாவின் மன்னர் இருப்பார், அந்தச் சமூகத்தின் நலனுக்காக வைத்திருப்பதாக. முதலில் பார்க்க வேண்டியது முடிவுத் தேதி. 99 வருடக் குத்தகை 1965-ல் தொடங்கியிருந்தால் இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். விலை குறைவின் காரணம் அதுதான். இரண்டாவது, நில வாடகை எந்த வருடம் மறுபடி கணக்கிடப்படும் என்ற பிரிவு. மஸ்குவியம் குத்தகைதாரர்கள் 1990-களில் வாடகை ஏறியபோது அதிர்ந்துபோய் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

மஸ்குவியம் மக்களுக்கு நடந்ததையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். 1958-ல் அவர்களுடைய 162 ஏக்கரை மத்திய அரசு அதிகாரிகள் ஷாக்னெஸி கோல்ஃப் கிளப்புக்கு 75 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். முதல் 15 வருடம் வருடத்துக்கு 29,000 டாலர். அந்த மக்கள் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் வேறு, பத்திரத்தில் ஏறியவை வேறு. பத்திரத்தின் நகலே அவர்கள் கைக்கு 1970-ல்தான் கிடைத்தது. தலைவர் டெல்பர்ட் கெரின் வழக்குப் போட்டு, 1984-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். பூர்வகுடிகளின் நிலத்தைக் கையாளும்போது அரசு நம்பிக்கைப் பொறுப்பாளராக நடக்கக் கடமைப்பட்டது என்று வந்த அந்தத் தீர்ப்பைத்தான் பின்னால் வந்த நில வழக்குகளில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினார்கள். 10 மில்லியன் டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது. குத்தகை மட்டும் ரத்தாகவில்லை. அது முடிவது 2033-ல். நீங்கள் பார்த்த வீட்டின் தாள்களை முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், முக்கியமாக அந்த இரண்டு பிரிவுகளை.