பேக்ஹேண்ட் ஸ்லைஸ் மிதந்து போய் எழும்பி நிற்கிறது, எங்கே தப்பு?

ஈரோட்டுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் வலக்கை டென்னிஸ் ஆட்டக்காரன், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வேலை முடிந்து சாயங்காலம் ஆடுகிறவன். பேக்ஹேண்ட், அதாவது இடப்பக்கம் வரும் பந்துக்கான அடி, இரண்டு கையால் அடிப்பேன், அது ஓரளவு நம்பி அடிக்கிற மாதிரி வருகிறது. ஆனால் தாழ்ந்து வரும் பந்து, ஓடிப்போய்க் கையை நீட்டி எடுக்க வேண்டிய பந்து, இவற்றுக்கு ஒற்றைக் கை ஸ்லைஸ், அதாவது பந்துக்குப் பின்சுழற்சி கொடுக்கிற அடி, இல்லாமல் முடியவில்லை. அதைத்தான் கற்றுக்கொள்ளப் பார்க்கிறேன்.

பிரச்சினை இதுதான். பந்து நெட்டுக்கு மேலே ஆளுயரத்துக்கு மிதந்து போகிறது, எதிர்ப்பக்கக் கோர்ட்டின் நடுவில் இருக்கிற சர்வீஸ் லைன் பக்கத்தில் விழுகிறது, விழுந்த இடத்திலேயே இடுப்பு உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. எதிராளி நிதானமாக நடந்து வந்து அடித்துவிட்டுப் போகிறார். பார்த்த வீடியோக்களில் எல்லாம் மேலிருந்து கீழே வெட்டு என்கிறார்கள், நானும் வெட்டுகிறேன், எவ்வளவு வேகமாக வெட்டுகிறேனோ அவ்வளவு மோசமாகிறது. ஒன்று மிதக்கிறது, இல்லாவிட்டால் நெட்டின் அடியில் போய் முட்டுகிறது. சமீபமாக முழங்கையின் வெளிப்பக்கம் லேசான வலியும் இருக்கிறது.

ஆடுவது சிமெண்ட் கோர்ட். ராக்கெட் 100 சதுர அங்குலம், 300 கிராம், பாலியெஸ்டர் ஸ்ட்ரிங், இழுவிசை 54 பவுண்டு. ராக்கெட்டை மாற்றச் சொல்லாதீர்கள், ஆட்டத்தில் என்ன கோளாறு என்று மட்டும் சொல்லுங்கள்.

பேஸ்லைன்வாசி:
முதல் கேள்வி, ஸ்லைஸ் அடிக்கும்போது வலது கை எந்த கிரிப்பில், அதாவது கைப்பிடியை எப்படிப் பிடித்து, இருக்கிறது? கான்டினென்டல் என்று உடனே எழுதிவிடாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். போனை வேலியில் செருகி வைத்து, பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்து, பந்து படுகிற நொடியில் நிறுத்தி, கையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கோவை டபுள்ஸ்:
எதற்கு இந்தப் பாடு? சிமெண்ட் கோர்ட்டில் ஸ்லைஸ் எடுபடாது சார், அது புல்தரைக்கு உரியது. இரண்டு கையால் இன்னும் கொஞ்சம் குனிந்து எடுக்கப் பழகுங்கள், போதும்.

வலையோரம்:
கோவை நண்பர் சொல்வதை ஏற்க முடியவில்லை. புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், அங்கே ஸ்லைஸுக்கு மதிப்பு கூடுதல், அதுவரை சரி. ஆனால் ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ் பார்ட்டி 2021இல் விம்பிள்டனை எந்த ஸ்லைஸை வைத்து ஜெயித்தாரோ, அதே ஸ்லைஸை வைத்துத்தான் 2022இல் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பனையும் ஜெயித்தார். மெல்போர்ன் சிமெண்ட் கோர்ட் வகைதானே? 1978க்குப் பிறகு அங்கே பெண்கள் ஒற்றையரில் ஓர் ஆஸ்திரேலியர் ஜெயித்தது அப்போதுதான். இன்னொரு விஷயம், பார்ட்டியும் உங்களைப் போல இரண்டு கை பேக்ஹேண்ட் ஆட்டக்காரராக இருந்தவர்தான், ஸ்லைஸ் மட்டும் ஒற்றைக் கை. பேக்ஹேண்டை எப்போதும் ஒற்றைக் கையால் அடித்த ஸ்டெஃபி கிராஃப், ஃபெடரர் வீடியோக்களைப் பார்ப்பதைவிட இவருடையதைப் பார்ப்பது உங்களுக்கு நேரடியாக உதவும், ஏனென்றால் இரண்டு கைப் பிடியிலிருந்து ஒற்றைக் கைக்கு எப்படி மாறுகிறார் என்பதுதான் உங்களுக்குத் தேவை.

ஈரோட்டுக்காரன்:
வீடியோ எடுத்துப் பார்த்துவிட்டேன். கிரிப் ஃபோர்ஹேண்ட், அதாவது வலப்பக்க அடிக்குப் பிடிக்கிற, பக்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு கையால் அடிக்கும்போதும் வலது கை அங்கேயேதான் இருக்கிறது, அடியை எல்லாம் இடது கை பார்த்துக்கொள்வதால் இதுவரை தெரியவே இல்லை. பந்து படும்போது ராக்கெட் முகம் வானத்தைப் பார்க்கிறது. இன்னொன்று, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கி, முழங்கை பந்தை நோக்கி முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது.

பேஸ்லைன்வாசி:
அதேதான். நீங்கள் சொன்ன கோளாறு மூன்றுக்கும், மிதப்பது, நெட்டில் முட்டுவது, முழங்கை வலி மூன்றுக்கும், வேர் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ராக்கெட் கைப்பிடிக்கு எட்டுப் பட்டை உண்டு. ராக்கெட்டை விளிம்பு தரையைப் பார்க்கிற மாதிரி நிறுத்திப் பிடித்தால் உச்சியில் இருப்பது முதல் பட்டை, அதற்கு வலப்பக்கம் சாய்வாக இருப்பது இரண்டாவது. ஆள்காட்டி விரலின் அடிமுட்டி அந்த இரண்டாவது பட்டையில் உட்கார்ந்தால் அதுதான் கான்டினென்டல். சுத்தியல் பிடிக்கிற பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்கும், பந்து தரையில் படுவதற்கு முன்பே அடிக்கிற வாலிக்கும் பிடிக்கிற அதே கிரிப். ஃபோர்ஹேண்ட் கிரிப் மூன்றாவது, நான்காவது பட்டைகளில் இருக்கும். அந்தக் கிரிப்போடு பேக்ஹேண்ட் பக்கம் ராக்கெட்டைக் கொண்டு வந்தால் முகம் தானாகவே அண்ணாந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அண்ணாந்த முகத்தோடு முன்னே தள்ளினால் பந்து வானத்துக்குப் போகும். அது போகக் கூடாதென்று கை தானாகவே கீழ்நோக்கி வெட்ட ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் முகத்தை மூடுவதற்காக மணிக்கட்டை மடக்கும். மணிக்கட்டு மடங்கினால் முழங்கை முன்னே வரும். அடியின் அதிர்வு முழுக்க முன்கைத் தசைநாரில் இறங்குவதும் அப்போதுதான்.

அதனால் மேலிருந்து கீழே வெட்டு என்ற பேச்சைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். ராக்கெட் தோள் உயரத்தில் ஆரம்பித்துச் சற்றுக் கீழே இறங்குகிறது, உண்மைதான், ஆனால் இறங்குவதைவிட முன்னே போவது அதிகம். முன்னே போகிற அடியில் கொஞ்சம் சரிவு இருக்கிறது, அவ்வளவுதான். அடித்து முடித்ததும் ராக்கெட் உங்கள் இடது முழங்காலுக்கு அருகில் இருந்தால் வெட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பந்து போன திசையில் வலப்புறம் முன்னே நீண்டு நின்றால் சரி.

கிரிப்பை மாற்றுவது எப்போது என்று கேட்பீர்கள். இடது கை இதற்குத்தான். பந்து பேக்ஹேண்டுக்கு வருகிறது என்று தெரிந்த உடனே இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துத் தோளைத் திருப்பட்டும், அந்தத் திருப்பத்துக்குள்ளேயே வலது கை தளர்ந்து இரண்டாவது பட்டைக்குப் போய்விடும். தோள் திரும்பிய பிறகு தனியாக மாற்றப் பார்த்தால் நேரம் இருக்காது. ராக்கெட் தலை மணிக்கட்டுக்கு மேலே, இடது தோளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வலையோரம்:
பேஸ்லைன்வாசி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இடது கையின் வேலை ராக்கெட்டைப் பின்னே கொண்டு போவதோடு முடிவதில்லை. வலது கை முன்னே போகும்போது இடது கை அதே நேரத்தில் பின்னே விரிய வேண்டும். அது பின்னே போனால்தான் மார்பு பக்கவாட்டிலேயே நிற்கும். இரண்டு கை ஆட்டக்காரர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் உங்கள் இரண்டு கை அடியில் இடுப்பும் தோளும் நெட்டைப் பார்த்துத் திறக்க வேண்டும், அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியிருக்கும். ஸ்லைஸில் திறந்தால் ராக்கெட் பந்தைக் குறுக்கே வழித்துக்கொண்டு போகும், பந்து பக்கவாட்டில் சுழன்று குட்டையாக விழும். பந்து போய் எதிர்ப்பக்கம் விழுகிற வரைக்கும் உங்கள் வலது தோள் நெட்டைப் பார்த்தே இருக்கட்டும், கொஞ்சம் மிகையாகத் தெரிந்தாலும் பழகும்போது அப்படியே செய்யுங்கள்.

அப்புறம் எழும்பி நிற்பது பற்றி. சுழற்சி போதவில்லை என்று நினைத்துத்தான் இன்னும் வேகமாக வெட்டியிருப்பீர்கள், ஆனால் விஷயம் பந்தின் உயரத்தில் இருக்கிறது. பின்சுழற்சி உள்ள பந்தைக் காற்று மேலே தாங்கும், அதனால் அது மிதந்து மெதுவாகப் போகும். உயரத்திலிருந்து செங்குத்தாக விழுந்தால் தரையைக் கவ்வி, முன்னே போகிற வேகத்தைத் தொலைத்து, மேலே எழும்பும். எவ்வளவு சுழற்சி கொடுத்தாலும் இதுதான் நடக்கும். அதே பந்து நெட்டை ஒட்டித் தாழ்வாக வந்து படுத்த கோணத்தில் தரையைத் தொட்டால் கவ்வ முடியாமல் வழுக்கிப் போகும். உங்கள் கண் நெட்டுக்கு மேலே உள்ள உயரத்தைப் பார்க்கட்டும். நெட் நடுவில் மூன்று அடி, கம்பத்தில் மூன்றரை அடி. எங்கள் கிளப்பில் இரண்டு கம்பத்திலும் மூங்கில் கட்டி நெட்டுக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஒரு கயிறு இழுத்துவிடுவோம். நெட்டுக்கும் கயிறுக்கும் நடுவே பந்து போக வேண்டும், சர்வீஸ் லைனைத் தாண்டி விழ வேண்டும். முதலில் மெதுவாக, பக்கத்திலிருந்து ஒருவர் கையால் பந்து போட, அப்படி அடித்துப் பாருங்கள்.

சேலம் ஃபிசியோ:
முழங்கை பற்றி மட்டும். வெளிப்பக்க வலி லேசாக இருக்கும்போதே கவனிப்பது நல்லது. கிரிப் சரியானால் சுமை குறையும், ஆனால் வலி இருக்கிற கையோடு புதுப் பழக்கத்தை நூற்றுக்கணக்கான பந்துகளில் ஏற்றாதீர்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதும் ஒரு காரணம், பந்து படுகிற நொடி தவிர மற்ற நேரத்தில் விரல்கள் தளர்ந்திருக்கட்டும். ராக்கெட்டை மாற்றச் சொல்லவில்லை, ஆனால் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் விறைப்பானது, வலி தீருகிற வரைக்கும் மல்டிஃபிலமென்ட் என்கிற மென்மையான ஸ்ட்ரிங் போட்டு இரண்டு மூன்று பவுண்டு குறைத்துப் பாருங்கள். தண்ணீர்ச் சொம்பைத் தூக்கும்போதோ கதவுப் பிடியைத் திருகும்போதோ வலித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

கோவை டபுள்ஸ்:
பார்ட்டி விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். டபுள்ஸில் நானே எதிராளியின் ஸ்லைஸில் மாட்டியிருக்கிறேன், நெட்டில் நிற்கும்போது பாதத்துக்கு வருகிற பந்தை மேலே தூக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. சரி, இவர் சிங்கிள்ஸில் இதை எங்கே அடிக்க வேண்டும்?

பேஸ்லைன்வாசி:
ஆரம்பத்தில் குறுக்காகவே அடியுங்கள், எதிராளியின் பேக்ஹேண்டுக்கு. நெட் தாழ்ந்திருப்பது நடுவில், குறுக்குத் தூரமும் நீளம், தப்புக்கு இடம் இருக்கிறது. நேர்க்கோட்டில் அடிப்பது பிறகு வரட்டும். எதிராளி ஃபோர்ஹேண்டுக்குக் கைப்பிடிக்கு அடியில் போய்ப் பிடிக்கிற வெஸ்டர்ன் கிரிப்காரர் என்றால் தாழ்ந்த பந்தை அந்தப் பக்கமும் போட்டுப் பாருங்கள், முழங்கால் உயரத்துக்குக் கீழே அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஸ்லைஸைத் தப்பிக்கிற அடி என்று மட்டும் நினைக்காதீர்கள். ஸ்டெஃபி கிராஃப் பேக்ஹேண்ட் பக்கம் பெரும்பாலும் ஸ்லைஸ்தான் அடிப்பார், 22 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம். அந்தப் பந்து மெதுவாகப் போய்த் தாழ்வாக இருக்கும், எதிராளி அதைத் தூக்கி அடிப்பதற்குள் அவர் நகர்ந்து ஃபோர்ஹேண்டுக்கு வந்து நின்றிருப்பார். உங்களுக்கும் ஃபோர்ஹேண்ட் நல்லதென்றால் அதே கணக்குதான்.

ஈரோட்டுக்காரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஸ்ட்ரிங்கை மாற்றிவிட்டேன், வலி குறைந்திருக்கிறது. கயிறு கட்ட இங்கே வசதி இல்லை, அதனால் சுவரில் மூன்றடி உயரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு, ஐந்தடியில் ஒன்று போட்டு, நடுவில் அடித்துப் பழகுகிறேன். கிரிப் மாறியதும் பந்தின் சத்தமே மாறிவிட்டது. முன்பு ஸ்ட்ரிங்கில் உரசுகிற சத்தம் வரும், இப்போது பந்து ராக்கெட்டில் கனமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறது. ஒருவர் கையால் பந்து போட்டால் பத்தில் ஏழெட்டு ஒழுங்காகப் போகிறது. ஆட்டத்தில் இன்னும் தோள் திறக்கிறது, அது வரும் என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எதிராளி டாப்ஸ்பின் (முன்சுழற்சி) போட்டுத் தோளுக்கு மேலே எழுப்புகிற பந்தை ஸ்லைஸ் எடுக்கும்போது திரும்பவும் மிதக்கிறது. அதற்கு ஏதாவது தனி வழி இருக்கிறதா?

வலையோரம்:
இருக்கிறது. உயரப் பந்துக்குச் சரிவே வேண்டாம். தோளுக்கு மேலே இருக்கும் பந்தை இடுப்பு உயரப் பந்துக்குப் போடுகிற அதே சரிவோடு அடித்தால் ராக்கெட் பந்துக்கு அடியில் நுழைந்துவிடும், மிதக்கத்தான் செய்யும். வாலி அடிப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள், பின்னே ரொம்ப இழுக்காமல், ராக்கெட்டை முதலிலேயே பந்தின் உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்து, முகத்தைக் கிட்டத்தட்ட நேராக நிறுத்தி, முன்னே தள்ளுங்கள். எதிராளி அனுப்பிய வேகம் போதும். பின்னே சாயாமல் வலது கால் முன்னே ஊன்ற வேண்டும், உயரப் பந்துக்கு எல்லோரும் பின்காலில் நின்றுவிடுவார்கள், அங்கேதான் ஆழம் போய்விடுகிறது. முடிந்தால் ஒரு எட்டு முன்னே வந்து பந்து ஏறும்போதே எடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் இரண்டு எட்டு பின்னே போய் இடுப்புக்கு இறங்குகிற வரை விடுங்கள். தோள் உயரத்தில்தான் எடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் நேர்க்கோட்டுக்குப் போகாதீர்கள், நடுவில் ஆழமாகப் போட்டுவிட்டு அடுத்த பந்துக்குத் தயாராகுங்கள்.

சுவரில் இதையும் பழகலாம். சுவருக்குப் பக்கத்தில் நின்று ஃபோர்ஹேண்டால் உயரமாக ஒரு பந்து அடியுங்கள், அது திரும்பி எழும்பி வரும்போது தோள் உயரத்தில் பேக்ஹேண்ட் தள்ளு, மாறி மாறி.